பெரியவரின் கராஜில் ஐந்து டப்பா துப்பாக்கி மருந்து: எதை வைத்துக்கொள்வது, எதை எரிப்பது?

வலசைக்காரன் (ஹூஸ்டனுக்கு மேற்கே)

பக்கத்து வீட்டுப் பெரியவர் மார்ச் மாதம் காலமானார். எண்பத்து மூன்று வயது. எனக்கு மான் வேட்டை கற்றுக்கொடுத்தவர் அவர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், புது பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்பலாம் என்று காட்டியவரும் அவர்தான். போன சனிக்கிழமை அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "கராஜில் இருக்கும் அந்தச் சாமான்களை நீயே எடுத்துப் போ, எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது" என்றார்.

தோட்டா நிரப்பும் பிரஸ், தராசு, கூடுகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. மருந்துதான் குழப்பம். இருப்பது இவை: ஹெர்க்குலிஸ் யுனிக், அட்டை டப்பா, தகர மூடி, முக்கால் பங்கு மிச்சம். டூபான்ட் ஐஎம்ஆர் 4895, ஒரு பவுண்டுத் தகரம், சீல் உடையாதது. மேல்தாள் பாதி கிழிந்த ஓர் அட்டை டப்பா, அதில் "4831" என்ற எண் மட்டும் தெரிகிறது. ஊறுகாய் ஜாடி அளவில் ஒரு கண்ணாடி ஜாடி, அதன்மேல் பென்சிலால் "308-க்கு நல்லது" (308 என்பது ஒரு ரைஃபிள் தோட்டா) என்று எழுதிய ஒட்டுத்தாள். கடைசியாக ஒரு தகர டப்பாவில் கருமருந்து. இவை போக, மருந்து அளக்கும் கருவியின் பிளாஸ்டிக் கூம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏதோ ஒரு மருந்து கிடக்கிறது. கூம்பே மஞ்சளாகிவிட்டது.

கராஜில் குளிர்சாதனம் கிடையாது. எங்கள் ஊர் ஆகஸ்ட் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. எதையும் இன்னும் திறக்கவில்லை. எப்படிப் பார்த்து முடிவு செய்வது?

களத்து நிர்வாகி

இந்த உரையாடல் இழை சூடாகும் முன் ஒரு வார்த்தை. எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெயின் (எடை அலகு) மருந்து என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். அது தோட்டா நிரப்பும் கையேட்டின் வேலை. எழுதினால் நீக்கிவிடுவேன்.

தகரக்கொட்டகை (ஓக்லஹோமா)

இதற்கு ஓர் இழை தேவையா? என்னிடம் 1970களில் வாங்கிய மருந்து இருக்கிறது. போன மாதம்கூடச் சுட்டேன், டப்பென்று வெடித்தது. இரண்டாம் உலகப் போர்த் தோட்டாக்களை இன்றைக்கும் சுடுகிறார்கள். மருந்து என்ன பாலா, திரிந்துபோவதற்கு? ஒரு பவுண்டு நாற்பது டாலருக்கு மேல் விற்கிற காலத்தில் சும்மா கிடைத்ததைக் கொட்டச் சொல்பவர்கள் பணக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நீள்குழல் (கொலராடோ)

தகரக்கொட்டகை அண்ணா சொல்வதில் பாதி உண்மை. நன்றாக வைத்திருந்தால் இந்த மருந்து பல பத்தாண்டுகள் தாங்கும். தயாரிப்பாளர்கள் டப்பாவில் காலாவதித் தேதி அச்சிடுவதில்லை. போர்க்காலத்தில் செய்த 4895-ஐ அண்மைக்காலம் வரை சுட்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் "வெடித்தது" என்பதை வைத்து மருந்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. கெட்டுக்கொண்டிருக்கும் மருந்தும் வெடிக்கத்தான் செய்யும்.

வலசைக்காரன் தம்பி, முதலில் எல்லா டப்பாக்களையும் வீட்டிலிருந்து தள்ளி, நிழலில், வெளியே வையுங்கள். ஒவ்வொன்றாகத் திறங்கள். மூக்கை டப்பாவுக்குள் விட்டு இழுக்காதீர்கள். மூடியைத் திறந்து கையால் விசிறி வாசனையைப் பிடித்தால் போதும். நல்ல மருந்துக்கு ஈதர், ஆல்கஹால், அசிட்டோன் போன்ற கரைப்பான் வாசனை இருக்கும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் ஞாபகம் வரும். கெட்ட மருந்தில் புளித்த நெடி இருக்கும், மூக்கின் உள்ளே சுரீரென்று ஏறும். ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். இந்த இரண்டு வாசனையையும் குழப்பிக்கொண்டு நல்ல மருந்தைக் கொட்டியவர்களும் உண்டு.

திறந்தவுடன் செம்பழுப்புப் புகை எழுந்தால் மூடியைக்கூடத் திரும்ப வைக்க வேண்டாம், விலகிவிடுங்கள். புகை இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி அளவை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். மணிகள் தனித்தனியாக உருள வேண்டும். ஒட்டிக்கொண்டாலோ, எண்ணெய் பூசியதுபோல் இருந்தாலோ, தாளில் செம்பழுப்புத் தூள் படிந்தாலோ அந்த டப்பாவின் கதை முடிந்தது. மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். வெளியே துரு என்றால் ஈரக் காற்று. உள்ளே மட்டும் அரித்திருந்தால் அது மருந்தின் வேலை.

கண்ணாடி ஜாடிக்கும் கூம்புக்கும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். நேரே அழிக்க வேண்டியவை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

வலசைக்காரன்

நன்றி அண்ணா. ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் திறந்து பார்க்கிறேன். ஜாடியை ஏன் பார்க்காமலே ஒதுக்குகிறீர்கள்? எல்லாவற்றிலும் அதுதான் பளபளவென்று அழகாக இருக்கிறது.

வேதிக்காரி (நியூ ஜெர்சி)

நான் துப்பாக்கி சுடுபவள் இல்லை. கணவர் சுடுவார், அவர்தான் இந்த இழையைக் காட்டினார். வேதியியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கருமருந்து போக, இங்கே பேசுவதெல்லாம் புகையற்ற மருந்து. அதன் உடல் நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பருத்தி அல்லது மரக்கூழின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. 4895, 4831 போன்றவற்றில் அது மட்டும்தான் முதன்மைப் பொருள். யுனிக் போன்றவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். இரண்டும் செய்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருப்பவை. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளியாகும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் மீதி மருந்தை இன்னும் வேகமாகச் சிதைக்கும். தன் வாலுக்குத் தானே தீ வைத்துக்கொள்ளும் கதை.

இதைத் தடுக்க, செய்யும்போதே டைஃபினைலமைன் போன்ற ஒரு நிலைப்படுத்தியைச் சேர்ப்பார்கள். பொதுவாக நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். வெளியாகும் வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சிதைவு நிற்காது, ஆனால் பெருகாது. நிலைப்படுத்தி தீர்ந்த பிறகுதான் நெடியும் பழுப்புத் தூளும் வரும். அதாவது உங்கள் மூக்குக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். முகர்ந்து பார்ப்பதால் "இது கெட்டது" என்று சொல்லலாம். "இது இன்னும் பத்து வருடம் தாங்கும்" என்று சொல்லவே முடியாது.

வெப்பம்தான் பெரிய பகை. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் சிதைவின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதனால் டப்பாவின் வயதைவிட அது எங்கே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். குளிர்ந்த மினசோட்டாவின் நிலவறையில் ஐம்பது வருடம் கிடந்த மருந்தையும் ஹூஸ்டன் கராஜில் இருபது வருடம் வெந்த மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் முதலாவதைத்தான் நம்புவேன்.

தகரக்கொட்டகை

அக்கா, பயமுறுத்துகிறீர்கள். நெடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் மாமனார் சொல்லியிருக்கிறார். ஒரு தட்டில் பரப்பி நிழல் காற்றில் இரண்டு நாள் வைத்தால் நெடி போய்விடும். பிறகு பயன்படுத்தலாம்.

வேதிக்காரி

நெடி போகும். தீர்ந்துபோன நிலைப்படுத்தி எங்கிருந்து திரும்பி வரும்? ஊசிப்போன குழம்பைக் காற்றாட வைத்து வாசனையைப் போக்கிவிட்டுப் பரிமாறுவதுபோல இது. உங்கள் மாமனார் தப்பித்திருக்கிறார். அதை முறையாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அருவங்காட்டுப் பேரன் (குன்னூர்)

இந்தியாவில் இருந்து எட்டிப்பார்க்கிறேன். என் தாத்தா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் "கார்டைட் ஃபாக்டரி" என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் 1900களின் தொடக்கத்தில் நீலகிரியில் கட்டியது. குளிர் என்பதால் மருந்துக்கும் நல்லது, துரைகளுக்கும் நல்லது என்று தாத்தா சிரிப்பார்.

கார்டைட் என்பது வெள்ளைக்காரனின் புகையற்ற மருந்து. அதில் நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு (அக்கா சொன்ன நைட்ரோசெல்லுலோஸ்தான்), அதோடு நூற்றுக்கு ஐந்து பங்கு வாசலின். நம் வீட்டில் உதட்டுக்குத் தடவுகிறோமே, அதே வகைதான். குழலின் உட்புறத்துக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தார்களாம். பிறகுதான் அது மருந்தைக் கெடாமல் காக்கிறது என்று தெரிந்தது. அக்கா சொல்லும் நிலைப்படுத்தியின் வேலையை அந்த வாசலின் தற்செயலாகச் செய்திருக்கிறது.

மருந்தைச் சோதிக்க மூக்கை அவர்கள் நம்பியதில்லை. ஏபெல் சோதனை என்று ஒன்று. பொட்டாசியம் அயோடைடும் கஞ்சிப்பசையும் தோய்த்த தாளை ஒரு குழாயில் மருந்துக்கு மேலே தொங்கவிட்டு, குழாயை வெந்நீரில் சூடாக்குவார்கள். தாளில் பழுப்புக் கோடு விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. "அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கண் போய்விட்டது" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். மருந்தைச் சூடாக்கும் எந்த வேலையும் ஆய்வகத்துக்கு உரியது.

நீள்குழல்

அருமை பேரா. அமெரிக்க ராணுவமும் இதே போக்கில்தான் போனது. ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் செய்த தொகுதி) மாதிரி எடுத்து 65.5 டிகிரி அடுப்பில் வைத்து, பழுப்புப் புகை வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு அடுப்பு இருக்கிறது, நமக்கு மூக்கும் வெள்ளைத் தாளும்தான்.

"மருந்து என்ன பாலா" என்று கேட்ட அண்ணாவுக்கு: 1884-இல் பால் வியேய் முதல் புகையற்ற மருந்தைச் செய்தார். பிரெஞ்சுக் கடற்படை அதைக் கப்பல்களில் நிரப்பியது. அப்போது அதில் நிலைப்படுத்தியாக இருந்தது அமைல் ஆல்கஹால், அது காலப்போக்கில் ஆவியாகிவிடும். 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் இயேனா போர்க்கப்பல் வெடித்தது. 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் லிபர்த்தே வெடித்தது. யாரும் சுடவில்லை. பழைய மருந்து தானாகவே சூடாகித் தீப்பிடித்தது என்பதுதான் குற்றச்சாட்டு. அதன் பிறகே அவர்கள் டைஃபினைலமைனுக்கு மாறினார்கள்.

உங்கள் டெக்சாஸுக்கு அடுத்த மாநிலத்திலேயே இருக்கிறது இன்னொரு கதை. லூசியானாவின் கேம்ப் மிண்டனில் 2012 அக்டோபர் 15 இரவு ஏறத்தாழ 1,24,000 பவுண்டு புகையற்ற மருந்து ஒரு கிடங்கில் வெடித்தது. நான்கு மைல் சுற்றளவில் ஜன்னல்கள் உடைந்தன. அதே வளாகத்தில் ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு எம்6 பீரங்கி மருந்து கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் நிலைப்படுத்தி தேய்ந்துகொண்டே போகிறதே என்ற கவலையில்தான் மூடிய உலையில் எரித்துத் தீர்த்தார்கள். 2017-இல்தான் அந்த வேலை முடிந்தது.

ஒரு பவுண்டு டப்பா கப்பலை உடைக்காது, தெரியும். கராஜை எரிக்க அது போதும்.

இப்போது ஜாடி விஷயம். தம்பி, மருந்தின் பெயரே தெரியவில்லை என்றால் அது கெட்டதா நல்லதா என்ற கேள்விக்கே இடமில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் வெகுதூரம் விலகி நிற்கும். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தை ரைஃபிள் கூட்டில் நிறைய ஊற்றினால் துப்பாக்கி உங்கள் முகத்தருகே சிதறும். "308-க்கு நல்லது" என்பது பெரியவருக்குத் தெரிந்த ரகசியம். அவரோடு போய்விட்டது. கூம்பில் கிடப்பதும் அதே. பிளாஸ்டிக் மஞ்சளாகியிருப்பது, நைட்ரோகிளிசரின் உள்ள மருந்து மாதக்கணக்கில் அதில் கிடந்ததன் அடையாளமாக இருக்கலாம். எந்த மருந்து என்று அதிலிருந்து தெரியாது.

இன்னொன்று. கண்ணாடி ஜாடியில் மருந்து வைப்பதே தவறு. கடை டப்பாக்கள் உள்ளே அழுத்தம் ஏறினால் சீக்கிரம் பிளந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. கெட்டியான ஜாடியும் இறுக்கி மூடிய இரும்புப் பெட்டியும் அழுத்தத்தை அடக்கிவைத்துக் குண்டாகிவிடும்.

புதுக்கூடு (டொராண்டோ)

எனக்கு ஒரு சந்தேகம். நீல லிட்மஸ் தாளை நனைத்து டப்பாவுக்குள் தொங்கவிட்டால் அமிலம் இருக்கிறதா என்று தெரிந்துவிடாதா? பள்ளியில் செய்ததுதானே.

வேதிக்காரி

செய்யலாம். சிவந்தால் சந்தேகமே வேண்டாம், எறியுங்கள். சிவக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. மூக்கைப் போலவே இதுவும் ஒருவழிப் பாதை.

வலசைக்காரன்

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பின்புறப் புல்வெளியில் மேசை போட்டு வேலையைத் தொடங்கினேன். மனைவி ஜன்னலுக்குப் பின்னால் நின்று தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் மருந்தைவிட என்மேல்தான் தண்ணீரை அடிப்பார்போல் இருந்தது.

யுனிக்: மூடியைத் திருகியதுமே தெரிந்துவிட்டது. பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றதுபோல் ஒரு நெடி, தொண்டை வரை. மூடியின் உட்புறத் தகரம் பொரிந்து பழுப்பாகியிருக்கிறது. தாளில் கொட்டியதும் செம்மண் தூள் போல் ஒரு படலம். மெல்லிய வட்டத் துணுக்குகள் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நல்லவேளை, புகை இல்லை. டப்பா கையில் சூடாகவும் இல்லை.

4895: சீலை உடைத்தேன். ஈதர் வாசனை சுத்தமாக வந்தது. குச்சி குச்சியான மணிகள் கண்ணாடித்துண்டுபோல் சலசலவென்று விழுந்தன. தாள் வெள்ளையாகவே இருந்தது.

4831: வாசனை மெல்லியதாக இருக்கிறது. கரைப்பான் வாசனைதான் என்று நினைக்கிறேன், புளிப்பு இல்லை. தாளில் கொஞ்சம் கருந்தூள், செம்பழுப்பு இல்லை. இதில்தான் எனக்குத் தடுமாற்றம்.

நீள்குழல்

யுனிக் போனது. ஹெர்க்குலிஸ் என்ற பெயர் இருப்பதால் அது 1995-க்கு முந்தையது, பிறகு அந்த மருந்துகள் அலையன்ட் பெயரில்தான் வந்தன. முப்பது வருடக் கராஜ் வெயில். இன்றே வீட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மூடாமல் வையுங்கள்.

4895-க்கு நான் ஆம் என்பேன். டூபான்ட் பெயர் இருப்பதால் 1980களின் பிற்பாதிக்கு முந்தையது. இருந்தாலும் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து தோட்டா மட்டும் நிரப்பி, குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் வேகத்தைப் பாருங்கள். "பழைய மருந்து பலம் குறைந்திருக்கும், அளவைக் கொஞ்சம் கூட்டுவோம்" என்று மட்டும் ஒருபோதும் நினைக்காதீர்கள். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டு ஏலத்தில் வாங்கிய டப்பா, பார்க்க எல்லாம் சரி. அதே அளவில் புது மருந்தைவிட வினாடிக்கு நூறடிக்கு மேல் கூடுதலாகப் பறந்தது. வறண்ட ஊரில் மூடி தளர்ந்து கிடந்து, ஈரப்பதம் காய்ந்துபோன மருந்து. காய்ந்தால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும். தொடக்க அளவில் ஆரம்பித்ததால் என் விரல்கள் இன்றும் பத்து.

4831 பற்றி யாராவது பழையவர்கள் சொல்லட்டும்.

சாம்பல்தாடி (மிசோரி)

பழையவன் வந்துவிட்டேன். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது, கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசு வேண்டாம் என்று தள்ளிய மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் மலிவு விலைக்கு வாங்கிச் சுடுபவர்களுக்கு விற்கத் தொடங்கினார். முதலில் 4895, அது எம்1 காரண்ட் துப்பாக்கியின் 30-06 தோட்டாவுக்காகச் செய்தது. பிறகு 4831, அது 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்தது. எங்கள் தலைமுறையே அந்தப் போர் மிச்சத்தில்தான் சுட்டுப் பழகியது. சரக்கு தீரத் தொடங்கியபோது, 1973-இல் டூபான்ட் தன் பெயரில் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றை வெளியிட்டது. எண் ஒன்றுதான், ஆனால் ஹாட்ஜ்டனுடையதைவிட வேகமாக எரியும். ஒன்றின் உச்ச அளவை மற்றொன்றுக்குப் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். ஆகையால் "4831" என்று மட்டும் சொல்லும் டப்பா பாதிப் பெயர் தெரிந்த டப்பா. முன்னெழுத்தைச் சொல்லாமல் "நம்ம முருகன்" என்றால் எந்த முருகன்?

பெரியவர் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? இந்தக் கைத்தொழில்காரர்கள் நோட்டு வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

வலசைக்காரன்

ஐயா, வாய் முகூர்த்தம்! தராசுப் பெட்டிக்கு அடியில் பச்சை அட்டை நோட்டு ஒன்று இருந்தது. 1969 அக்டோபரில் "4831, இரண்டு டப்பா" என்று எழுதி விலையும் போட்டிருக்கிறார். 1969 என்றால் டூபான்டின் 4831 அப்போது பிறக்கவே இல்லை. அப்படியானால் இது ஹாட்ஜ்டன் போர் மிச்சம்தானே?

சாம்பல்தாடி

சபாஷ்! வாங்கியது அதுதான். துப்பறியும் கதை எழுதலாம் நீங்கள்.

நீள்குழல்

வாங்கியது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது வருடமாக அந்த டப்பாவில் இருப்பதும் அதுதானா? கண்ணாடி ஜாடியில் மருந்து மாற்றி வைத்த மனிதர் காலி டப்பாவில் வேறொன்றை ஊற்றியிருக்க மாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது? அட்டை டப்பா, சீல் இல்லை.

வேதிக்காரி

என் பங்குக்கு: 1969 வாங்கிய தேதிதான். மருந்து செய்யப்பட்டது போர்க்காலத்தில், ஆக எண்பது வயதைத் தாண்டியது. புளிப்பு இல்லை என்பதால் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்பது ஆய்வகம் சொல்ல வேண்டிய விஷயம். அந்தக் கட்டணத்தில் புது மருந்தே பல டப்பா வாங்கலாம்.

சாம்பல்தாடி

நான் என்றால் சுடுவேன். ஆனால் எனக்கு எழுபத்தாறு வயது, நான் செய்வதை எல்லாம் பார்த்துச் செய்யாதீர்கள்.

புதுக்கூடு

கருமருந்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே?

சாம்பல்தாடி

அது வேறு சாதி. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த வெறும் கலவை. தன்னைத்தானே தின்னாது, வயதாகாது. ஈரம் பட்டால்தான் கட்டியாகும், உப்பு வெளியே பூத்து மணிமேல் வெள்ளையாகத் தெரியும். உலர்ந்திருந்தால் நூறு வருடமானாலும் நூறு வருடக் கோபத்தோடு இருக்கும். 2008-இல் வர்ஜினியாவின் செஸ்டரில் உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவர் அது வெடித்து இறந்தார். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மருந்து காத்திருந்தது.

இதை அடைக்கும் துப்பாக்கி இல்லையென்றால் வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. புகையற்ற மருந்து திறந்தவெளியில் சீறி எரியும். கருமருந்து ஒரு பொறி பட்டாலே மொத்தமாகக் கிளம்பும். கருமருந்துத் துப்பாக்கிக்குள் புகையற்ற மருந்தை ஒருபோதும் போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். அந்தத் தவறில் குழல் வெடித்ததை நேரில் பார்த்தவன் நான்.

வலசைக்காரன்

கருமருந்து டப்பாவின் சீல் நன்றாக இருந்தது. எங்கள் சுடுதளத்தில் பழைய பாணித் துப்பாக்கிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். இனி அழிப்பதைப் பற்றி. பூச்செடிக்கு உரமாகப் போடலாம் என்று சுடுதளத்தில் சொன்னார்கள். நைட்ரஜன் இருக்கிறதாமே?

தகரக்கொட்டகை

நான் அப்படித்தான் செய்வேன். என் புல்வெளியைப் பாருங்கள்.

வேதிக்காரி

நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. மண்ணில் மெல்லத்தான் சிதையும், பல மாதம் அப்படியே கிடக்கும். கையளவைப் பரவலாகத் தூவினால் பெரிய கேடில்லை, பெரிய உரமும் இல்லை. ஆனால் யுனிக்கில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. நாய் நக்கும், குழந்தை வாயில் வைக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் வேண்டாம். சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டவே கூடாது.

நீள்குழல்

தயாரிப்பாளர்களின் அமைப்பான சாமி (SAAMI) சொல்வது எரிப்பதைத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த இடம், ஓர் அங்குலத்துக்கு மேல் உயராத மெல்லிய சிறு குவியல், எட்ட நின்று பற்றவைக்கும்படி காகிதத்தாலோ சருகாலோ நீண்ட பாதை. ஒரு குவியல் அணைந்து தரை ஆறிய பிறகே அடுத்தது, வேறு இடத்தில். டப்பாவோடு தீயில் போடக் கூடாது. உங்கள் மாவட்டத்தில் இப்போது தீத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுவதுதான் வழி.

மதுரைப்பொடியன் (மேலூர்)

அண்ணன்மாரே, ஊரில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியும் ஒரு சுரைக்குடுவையில் மருந்தும் இருக்கின்றன. நானும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாமா?

அருவங்காட்டுப் பேரன்

பார்க்காதே தம்பி. இங்கே ஆயுதச் சட்டமும் வெடிபொருள் சட்டமும் வேறு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படைப்பதுதான் வழி. குடுவையைக் குலுக்காதே, வெயிலில் உலர்த்தாதே.

வலசைக்காரன்

முடிவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் தீத்தடை இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் பேசினேன், நனைந்த யுனிக்கையும் ஜாடியையும் கூம்பில் இருந்ததையும் அவர்களே வந்து எடுத்துப் போனார்கள். வந்தவர் ஜாடி ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு, இதுபோல் வருடத்துக்கு நாலைந்து பார்க்கிறேன் என்றார்.

4831-ஐயும் கொடுத்துவிட்டேன், சாம்பல்தாடி ஐயா மன்னிக்கவும். இரவு முழுக்க யோசித்தேன். வாசனை சரி, நோட்டு சரி. ஆனாலும் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீள்குழல் அண்ணாவின் கேள்வி மூக்கருகே வந்து நிற்கும். அப்படி ஒரு மருந்தை வைத்து நிம்மதியாகச் சுட முடியாது.

4895-இல் ஐந்து தோட்டா, தொடக்க அளவில். வேகம் கையேட்டில் உள்ளதை ஒட்டியே வந்தது, கூட்டில் அழுத்தம் மிஞ்சியதன் குறி எதுவும் இல்லை. டப்பாவை வீட்டுக்குள், குளிர்சாதனம் உள்ள அறையின் மர அலமாரிக்கு மாற்றிவிட்டேன். திறந்த தேதியை மூடியில் எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகர்வேன். பச்சை நோட்டைப் பெரியவரின் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தேன். யுனிக் மூடியின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன், பொரிந்த தகரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தகரக்கொட்டகை

படத்தைப் பார்த்தேன். கொட்டகைக்குப் போய் என்னுடைய நான்கு டப்பாக்களைத் திறந்தேன். மூன்று சரி. ஒன்றின் மூடி உங்கள் படத்தைப் போலவே இருக்கிறது. என் படத்தைப் போட மாட்டேன், கேட்காதீர்கள். டப்பாவை வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. போன மாதம் நான் சுட்டேன் என்று எழுதியது அந்த மருந்துதான். அதில் நிரப்பிய இருநூறு தோட்டாக்கள் மிச்சம் இருக்கின்றன.

நீள்குழல்

ஒன்றையும் சுடாதீர்கள் அண்ணா. குண்டு உருவும் சுத்தியலால் முதலில் பத்தைப் பிரித்துப் பாருங்கள். குண்டின் அடிப்பாகத்திலோ கூட்டின் உட்கழுத்திலோ பச்சை பூத்திருந்தால் அமிலம் பித்தளையைத் தின்னத் தொடங்கிவிட்டது, கூடுகளும் வேண்டாம். பச்சை இல்லையென்றால் இருநூறையும் பிரித்து, மருந்தை நனைத்து ஒதுக்கிவிட்டு, கூடுகளைக் கழுவிக் காயவைத்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு மாலைக்கு ஐம்பதுக்கு மேல் பிரிக்க முடியாது, கை விட்டுப்போகும்.